ஒரே மவுண்டில் இரண்டு தொலைநோக்கிகள்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கைவசம் ஒரு மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் கருவி), அதில் இரண்டு தொலைநோக்கிகளை ஏற்ற வேண்டும். மழையும் மேகமும் போக மிஞ்சும் இரவுகள் நமக்குக் கொஞ்சம்தான். 4 மணி நேரம் வானம் திறந்தால் இரண்டு கேமராவில் 8 மணி நேரப் படம் சேரும் என்ற ஆசை நியாயமானதே.

கேள்வி: என்னிடம் எச்.இ.க்யூ.5 மவுண்ட் இருக்கிறது. 80 மி.மீ. ஈ.டி. ரிஃப்ராக்டரோடு (நிறப் பிசகு குறைந்த லென்ஸ் தொலைநோக்கி) 72 மி.மீ. தொலைநோக்கி ஒன்றையும் ஏற்றி இரண்டு கேமராவில் படம் எடுக்க விரும்புகிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றுவதா, பக்கத்தில் பக்கமாக வைப்பதா?
— வாசகர், திருச்சி

பதில்: அதைத் தீர்மானிப்பதற்கு முன் எல்லாவற்றையும் தராசில் வையுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது வெறும் குழாயின் எடை. குழாயைப் பிடிக்கும் ரிங், அதன் அடியில் வரும் டவ்டெயில் பட்டை, கேமரா, ஃபோகஸர் மோட்டார், பனித்துளி ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் 80 மி.மீ. ரிஃப்ராக்டரே 5 கிலோவைத் தொட்டுவிடும். 72 மி.மீ.க்கு 4 கிலோ, இரண்டையும் தாங்கும் குறுக்குப் பட்டைக்கும் அதன் சாடில்களுக்கும் (டவ்டெயிலைக் கவ்விப் பிடிப்பவை) 2 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 11 கிலோ. கண்ணால் பார்க்க மட்டுமென்றால் உங்கள் மவுண்ட் இதைச் சுமந்துவிடும். படம் எடுக்க, தயாரிப்பாளர் சொல்லும் எடையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏற்றுவதுதான் நல்லது (இதில் எதிர் எடை சேராது). 20 கிலோ என்று குறிப்பிடப்படும் ஈ.க்யூ.6-ஆர் வகைக்கு இந்த 11 கிலோ சுகமான சுமை. எச்.இ.க்யூ.5-க்கு இது விளிம்பு. காற்றடிக்கும் மொட்டை மாடியில் விளிம்பைத் தாண்டியும்விடும்.

72 மி.மீ.யை விட்டுவிட்டு 135 மி.மீ. எஃப்/2 கேமரா லென்ஸ் ஒன்றை ஏற்றுவது பற்றி யோசியுங்கள். லென்ஸின் எடை ஒரு கிலோவுக்கும் கீழே. அகன்ற வானம் அதற்கு, நெருக்கமான படம் 80 மி.மீ.க்கு. உங்கள் மவுண்டுக்கு இந்த ஜோடிதான் பொருந்தும்.

மேலேயா பக்கத்திலா என்பதற்குப் பலரும் "பக்கத்தில் வைத்தால் எதிர் எடை குறையும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாடிலின் மேற்பரப்பு ஆர்.ஏ. அச்சிலிருந்து (துருவத்தை நோக்கி நின்று, வானத்தோடு சுழலும் அச்சு) 20 செ.மீ. தள்ளி இருக்கிறது, தொலைநோக்கியின் நடு அதற்கு மேல் 8 செ.மீ. என்று கொள்வோம். மேலே ஏற்றினால்: கீழே உள்ள 5 கிலோ 28 செ.மீ.யில், இணைப்புத் தகடு 1 கிலோ 36 செ.மீ.யில், மேலே உள்ள 4 கிலோ 42 செ.மீ.யில். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 344 கிலோ-செ.மீ. பக்கத்தில் வைத்தால்: பட்டை 2 கிலோ 22 செ.மீ.யில், இரண்டு தொலைநோக்கிகளும் சேர்ந்து 9 கிலோ 32 செ.மீ.யில். மொத்தம் 332. வித்தியாசம் பேருக்குத்தான். பட்டையும் கூடுதல் சாடில்களும் தொலைநோக்கியை வெளியே தள்ளிவிடுவதால் லாபம் கரைந்துவிடுகிறது.

கீழே இருப்பது பருத்த குழாயாக, உதாரணமாக 20 செ.மீ. நியூட்டோனியன் ஆடித் தொலைநோக்கியாக இருந்தால் கதை வேறு. மேலே உள்ளதன் நடு அச்சிலிருந்து அரை மீட்டருக்கு மேல் போய்விடும். எங்கள் பரிந்துரை: மேலே போவது கீழே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு எடைக்குள் இருந்தால் மேலே ஏற்றுங்கள். இரண்டும் ஏறக்குறைய சம எடையென்றால் பக்கத்தில் வையுங்கள். மேலே ஏற்றும்போது இரண்டு ரிங்குகளின் தலையையும் ஒரே டவ்டெயில் தகட்டால் இணைத்து அதன்மேல் ஏற்றுங்கள். ஒரே ரிங்கின் தலையில் ஒற்றை போல்ட்டில் நிறுத்துவது கண்டிப்பாக வேண்டாம்.

குறுக்குப் பட்டையை லேத் பட்டறையில் செய்துகொள்வதாக இருந்தால் தட்டையான அலுமினியத் தகட்டை மட்டும் அறுத்துத் துளையிடச் சொல்லுங்கள். சாய்ந்த விளிம்புள்ள டவ்டெயில், சாடில்களை வாங்கிப் பொருத்துவதே மேல். சாய்வு கொஞ்சம் பிசகினாலும் பிடி நழுவும். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 12 மி.மீ.க்குப் பதில் 16 மி.மீ. போட்டால் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டும், எடையோ மூன்றில் ஒரு பங்குதான் கூடும். மவுண்டில் உட்காரும் டவ்டெயில் அகலமான லோஸ்மாண்டி வகையாக இருக்கட்டும். குறுகிய விக்சன் டவ்டெயிலில் இரட்டைத் தொலைநோக்கியைத் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: பக்கத்தில் பக்கமாக வைத்த பிறகு சமநிலையே கிடைக்கவில்லை. ஒரு திசையில் சரியாக நிற்கிறது, வேறு திசைக்குத் திருப்பினால் தானாகச் சுற்றுகிறது.
— வாசகர், சேலம்

பதில்: ஒற்றைத் தொலைநோக்கிக்கு இரண்டு சமநிலை போதும், பக்கத்தில் பக்கமாக வைத்தால் மூன்று வேண்டும். நீங்கள் விட்டது மூன்றாவதை, அதாவது பட்டையின் இடவலச் சமநிலையை.

கேமரா, ஃபில்டர், ஹீட்டர், கேபிள் எல்லாவற்றையும் மாட்டி, ஃபோகஸரை ஃபோகஸ் நிலையில் வைத்து, லென்ஸ் மூடிகளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஆர்.ஏ.வைத் தளர்த்தி எதிர் எடைத் தண்டைக் கிடைமட்டமாக்கிப் பூட்டுங்கள். டெக் (ஆர்.ஏ.வுக்குச் செங்குத்தான இரண்டாவது அச்சு) கிளட்ச்சைத் தளர்த்தித் தொலைநோக்கிகளைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். இப்போது ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும். இந்த நிலையில் முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்தால் தொலைநோக்கிகளை அவற்றின் சாடிலில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கூட்டாகச் சமநிலை வந்தால் போதாது, ஒவ்வொன்றையும் தனியாகவே சமப்படுத்திவிடுவது நல்லது.

அடுத்து தொலைநோக்கிகளைச் செங்குத்தாக மேல்நோக்கித் திருப்புங்கள். பட்டை இப்போது கிடைமட்டம். எடை கூடிய பக்கம் கீழே போகும். மவுண்டின் சாடிலைத் தளர்த்தி, முழுப் பட்டையையும் எடை குறைந்த பக்கமாக நகர்த்துங்கள். 5 கிலோவும் 4 கிலோவும் 26 செ.மீ. இடைவெளியில் 2 கிலோ பட்டையில் இருந்தால், பட்டையின் நடுவிலிருந்து ஏறக்குறைய 1.2 செ.மீ. கனமான தொலைநோக்கியின் பக்கம் டெக் அச்சு வர வேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். பட்டையை நகர்த்தும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்வதும் கட்டாயம். 11 கிலோ நழுவினால் பிடிக்க நேரம் இருக்காது.

எதிர் எடை கடைசியில். 332 கிலோ-செ.மீ.க்கு 10 கிலோவை 33 செ.மீ.யில் வைக்கலாம், 15 கிலோவை 22 செ.மீ.யிலும் வைக்கலாம். இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். சுழற்சி நிலைமம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், எடை அதிகமாகி அச்சுக்கு அருகில் இருந்தால் மோட்டாருக்கு வேலை குறைவு, காற்றில் ஆடிய பிறகு அடங்குவதும் சீக்கிரம். கூடுதல் எடை வாங்கும் முன் தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். மவுண்டுக்கு மவுண்டு மாறும். பற்சக்கர மவுண்ட் என்றால் கிழக்குப் பக்கம் இம்மியளவு கனமாக விடுங்கள், பற்கள் ஒரே பக்கமாக அழுந்தி நிற்கும். மெரிடியன் ஃப்ளிப் (தொலைநோக்கி வானத்தின் வடக்கு–தெற்குக் கோட்டைத் தாண்டும்போது மவுண்ட் மறுபக்கம் புரள்வது) ஆனதும் கிழக்குப் பக்கம் எது என்பது மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. பட்டை குறுக்கே போவதால் சாடில் வழக்கத்துக்கு 90 டிகிரி திரும்பி நிற்கிறது. மவுண்டை இயக்கும்போது துருவத்தை நோக்க வேண்டியது தொலைநோக்கிதான், சாடில் அல்ல. பழைய குறியைப் பார்த்து வைத்தால் முதல் நகர்விலேயே தொலைநோக்கி ட்ரைபாடில் மோதும்.

கேள்வி: நாகர்கோவிலில் எதிர் எடை ட்ரைபாட் காலில் இடிக்கிறது. ஒற்றைத் தொலைநோக்கிக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் ஊர் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆர்.ஏ. அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால் எதிர் எடைத் தண்டு வடக்குக் காலை ஒட்டியே தொங்கும். கூடுதல் எடைக்காகத் தண்டை நீட்டினால் இடிக்காமல் என்ன செய்யும்?

எடைகளை மேலே, அச்சுக்கு அருகில் குவியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ட்ரைபாடைத் திருப்பி ஒரு காலைத் தெற்கே வையுங்கள். வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவில் தண்டு போகும். திசைக்குமிழ் (மவுண்டின் திசைத் திருகுகள் அழுந்தும் முனை) சில ட்ரைபாடுகளில் கழற்றி வேறு துளையில் போடுகிற மாதிரி இருக்கும். ஆனால் தாழ்ந்த அட்சரேகையில் மொத்தச் சுமையும் வடக்கே முன்தள்ளி நிற்கும். அந்தப் பக்கம் கால் இல்லாவிட்டால் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. கால்களைக் குட்டையாக வைத்து, தெற்குக் காலில் மணல் மூட்டை கட்டுங்கள். 20 செ.மீ. உயரமுள்ள பையர் நீட்டிப்பு (ட்ரைபாடுக்கும் மவுண்டுக்கும் நடுவே வரும் தூண்) வாங்க முடிந்தால் அதுதான் ஒழுங்கான தீர்வு.

துருவக் கோணத்தைத் தோராயமாக வைத்துவிட்டுத்தான் தொலைநோக்கிகளை ஏற்ற வேண்டும். முழுச் சுமையோடு உயரத் திருகைத் திருகினால் அது வளையும். 8 டிகிரியில் துருவ நட்சத்திரம் தென்னை மரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். அதனால் வானத்தின் எந்தப் பகுதியையும் வைத்துத் துருவச் சீரமைப்பு (ஆர்.ஏ. அச்சைத் துருவத்துக்கு நேராக்குவது) செய்யும் வழியைப் பிடியுங்கள். கேமராவையும் மவுண்டையும் இயக்கும் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை அப்படிப்பட்டது. கணினி இல்லையென்றால் நட்சத்திரம் நகர்வதைப் பார்த்துத் திருத்தும் பழைய டிரிஃப்ட் முறை: கிழக்கு–மேற்குப் பிசகுக்கு மெரிடியனில் வான நடுக்கோட்டருகே ஒரு நட்சத்திரம், உயரப் பிசகுக்குக் கீழ்வானில் ஒன்று.

கேள்வி: ஒரு தொலைநோக்கியில் நட்சத்திரங்கள் வட்டமாக வருகின்றன, இன்னொன்றில் கோடாக இழுக்கின்றன. கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் தானாகத் திருத்துவது) வரைபடம் அருமையாக இருக்கிறது. எங்கே கோளாறு?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கைடிங் ஒரு தொலைநோக்கியைத்தான் பார்த்துக்கொள்கிறது. மற்றது தன் போக்கில் தொய்கிறது. மவுண்ட் சுழலச் சுழல ஈர்ப்பின் திசை மாறி, ரிங், சாடில், ஃபோகஸர் எல்லாம் ஆளுக்கொரு விதமாக வளைகின்றன.

எவ்வளவு வளைந்தால் தெரியும்? ரிங்குகளுக்கு இடையே 20 செ.மீ. இருந்தால், ஒரு ரிங் 1 மைக்ரான் தொய்ந்தாலே பார்வை 1 ஆர்க் செகண்ட் (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு; 60 சேர்ந்தால் ஓர் ஆர்க் நிமிடம்) விலகும். 600 மி.மீ. குவியத்தூரத்தில் 3.76 மைக்ரான் பிக்சல் ஒன்று 1.29 ஆர்க் செகண்ட் வானத்தைப் பிடிக்கிறது (206.265-ஐப் பிக்சல் அளவால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால் இது வரும்). ஆக, 5 மைக்ரான் தொய்வு என்பது ஏறக்குறைய நாலு பிக்சல் இழுப்பு. ரிங்குக்குள் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணி அழுந்துவதற்கு அதுவே தாராளம்.

முதல் சந்தேகம் அந்தத் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் மூன்று திருகு ரிங்கின் மேல் விழட்டும். திசையைச் சரிசெய்ய வசதி என்று பலரும் வாங்குவது இதைத்தான். குழாய் ஆறு பிளாஸ்டிக் முனைகளில் தொங்குகிறது, அப்புறம் அசையாமல் எப்படி இருக்கும்? அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண இறுக்கு ரிங் போடுங்கள். இரண்டு தொலைநோக்கிகளும் சில ஆர்க் நிமிடம் விலகிப் பார்த்தால் படத்தின் ஓரத்தை வெட்டினால் போயிற்று. அசைந்தால் வெட்டி எறிய வேண்டியது முழுப் படத்தையும். அடுத்து ஃபோகஸர்: கேமராவைக் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் பூட்டுத் திருகை இறுக்குங்கள். கேமராவை மூன்று சிறு திருகுகளால் பிடிக்கும் மூக்குக்குழாயை நீக்கி மரை இணைப்பாக மாற்றுங்கள். தொங்கும் கேபிளும் இழுக்கும்.

கைடிங்கை நீண்ட குவியத்தூரம் உள்ளதில் ஆஃப்-ஆக்சிஸ் கைடர் (அதே தொலைநோக்கியின் ஒளியில் சிறிதைக் கைடு கேமராவுக்குத் திருப்பும் கருவி) வழியாகச் செய்யுங்கள். ஒன்று ஷ்மிட்–காசெக்ரெய்ன் வகை ஆடித் தொலைநோக்கி என்றால் இதில் இரண்டாம் பேச்சே இல்லை. அதன் முதன்மை ஆடியே உள்ளுக்குள் நகரக்கூடியது. பக்கத்து ரிஃப்ராக்டரிலிருந்து கைடு செய்தால் அந்த நகர்வு யாருக்கும் தெரியாது.

எல்லாம் செய்தும் கொஞ்சம் தொய்வு மிஞ்சும். அதை அளந்துவிடலாம். டித்தரிங்கை (படங்களுக்கு நடுவே மவுண்டை வேண்டுமென்றே லேசாக நகர்த்துவது) நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் 60 வினாடிப் படங்களாக எடுத்து, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் ஒரே நட்சத்திரம் எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று பாருங்கள். மணிக்கு 5 ஆர்க் செகண்ட் என்றால் 5 நிமிட எக்ஸ்போஷரில் இழுப்பு 0.4 ஆர்க் செகண்ட்தான், கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 30 என்றால் அந்தத் தொலைநோக்கியில் எக்ஸ்போஷரை 60 வினாடியாகக் குறையுங்கள். இன்றைய சீமாஸ் கேமராக்களில் ரீட் நாய்ஸ் (ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது சேரும் இரைச்சல்) குறைவு என்பதால் குட்டிப் படங்களால் பெரிய நஷ்டமில்லை. நட்சத்திரங்கள் நேர்கோட்டில் நகராமல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்றிருந்தால் அது தொய்வல்ல, துருவச் சீரமைப்புப் பிசகு.

கேள்வி: இரண்டையும் ஒரே திசையில் எப்படிக் கொண்டுவருவது? பகலில் செல்போன் டவரை வைத்துச் சரிசெய்தேன், இரவில் விலகியிருக்கிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: டவர் கிட்டத்தில் இருந்திருக்கும். இரண்டு தொலைநோக்கிகளுக்கும் நடுவே 25 செ.மீ. என்றால், 500 மீட்டரில் உள்ள டவரை இரண்டிலும் நடுவில் வைத்தால் வானத்தில் 103 ஆர்க் செகண்ட் விலகும். 5 கி.மீ.யில் உள்ள மலை உச்சி என்றால் 10 ஆர்க் செகண்ட்தான். அதைவிடப் பெரிய விலகல் என்றால் குற்றம் டவருடையது அல்ல, ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

இடவலத் திசைக்கு ஒரு பக்கத்துச் சாடிலைப் பட்டையோடு பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி லேசாகத் திருப்பினால் போதும். மேல்கீழ்த் திசைக்கு ரிங்குக்கும் டவ்டெயிலுக்கும் நடுவே மெல்லிய பித்தளைத் தகடு வையுங்கள். ரிங்குகள் 20 செ.மீ. இடைவெளியில் இருந்தால் 0.1 மி.மீ. தகடு பார்வையை 1.7 ஆர்க் நிமிடம் தூக்கும். காகிதமும் அட்டையும் ஈரத்தில் உப்பும், வேண்டாம். கேமராக்களின் கோணத்தையும் ஒன்றாக்க வேண்டும்: 15 வினாடி எக்ஸ்போஷர் ஓடும்போது ஆர்.ஏ.வில் மெதுவாக நகர்த்தினால் நட்சத்திரம் கோடு போடும். அந்தக் கோடு சட்டத்தின் விளிம்புக்கு இணையாகும்வரை கேமராவைத் திருப்புங்கள்.

கேள்வி: டித்தரிங் செய்தால் இரண்டாவது கேமராவின் படங்கள் பாதி கெட்டுப்போகின்றன.
— வாசகர், சென்னை

பதில்: முதல் கேமரா படம் முடித்து மவுண்டை நகர்த்தும்போது இரண்டாவது கேமரா பாதி எக்ஸ்போஷரில் இருக்கிறது. நினாவை இரண்டு முறை திறந்து, ஒவ்வொன்றும் ஒரு கேமராவை இயக்கும்படி வைத்து, சிங்க்ரனைசேஷன் பிளக்-இன் போட்டால் இருவரும் முடித்த பிறகே டித்தர் நடக்கும். காத்திருப்பில் நேரம் வீணாகாமல் இருக்க எக்ஸ்போஷர்களை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வையுங்கள்: முதலாவது 300 வினாடி என்றால் இரண்டாவது 140 வினாடியாக இரண்டு. டவுன்லோடுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் டித்தர் தேவையில்லை, மூன்றுக்கு ஒன்று போதும்.

ஆஃப்-ஆக்சிஸ் கைடர் இருந்தால் இன்னொரு தொல்லை. முதல் தொலைநோக்கி ஆட்டோஃபோகஸ் செய்யும்போது கைடு நட்சத்திரமும் மங்கிவிடும், கைடிங் நிற்கும். அந்த நேரத்தில் இரண்டாவது கேமரா எடுத்ததைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

கேள்வி: பள்ளியில் மாணவர்களுக்குக் காட்ட இரண்டு தொலைநோக்கிகள். படம் எடுக்கப் போவதில்லை. இதே மவுண்ட்தான் வேண்டுமா?
— ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். இருபுறமும் சாடில் உள்ள ஆல்ட்–அசிமத் மவுண்ட் (மேல்கீழாகவும் இடவலமாகவும் திரும்புவது) வாங்குங்கள். ஒரு தொலைநோக்கியே மற்றதற்கு எதிர் எடை. ஒன்றில் நிலவு முழுதாக, மற்றதில் ஒரே ஒரு பள்ளம் என்று காட்டலாம், வரிசையும் வேகமாக நகரும்.

சூரியனைக் காட்டும் நாளில் மட்டும் தனிக் கவனம். ஒன்றில் ஃபில்டர் போட்டுவிட்டு மற்றதை அப்படியே விடுவதுதான் இந்த அமைப்பின் மிகப் பெரிய ஆபத்து. ஆசிரியர் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை இன்னொன்றில் கண் வைத்துவிடும். இரண்டுக்கும் முன்பக்க ஃபில்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பயன்படுத்தாததை மூடி டேப் ஒட்டிவிடுங்கள். குறிபார்க்கும் சிறு தொலைநோக்கிகளான ஃபைண்டர்களைக் கழற்றி அறைக்குள் வையுங்கள். ஃபில்டர் தாளில் அடர்த்தி 5.0 என்று இருப்பதுதான் கண்ணுக்கு. 3.8 கேமராவுக்கு மட்டும்.

கேள்வி: பெரிய ஆய்வகங்களில் இப்படி உண்டா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: நிறைய. 1887-இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் முழு வானத்தையும் படமெடுக்கத் தீர்மானித்தபோது தேர்ந்தெடுத்த கருவியே இரட்டைத் தொலைநோக்கிதான்: 33 செ.மீ. புகைப்பட லென்ஸ், அதன் பக்கத்திலேயே கண்ணால் பார்த்து மவுண்டைத் திருத்த இன்னொன்று. ஹைதராபாத் நிஜாமியா ஆய்வகமும் அந்தப் பணியில் ஒரு பகுதி வானத்தை எடுத்துக்கொண்டது. 1899-இல் போட்ஸ்டாமில் திறந்த பெரிய ரிஃப்ராக்டரில் 80 செ.மீ. லென்ஸ் நீல ஒளிப் புகைப்படத்துக்கு, 50 செ.மீ. கண்ணுக்கு. இன்று அரிசோனாவின் லார்ஜ் பைனாகுலர் டெலஸ்கோப்பில் 8.4 மீட்டர் ஆடிகள் இரண்டு ஒரே மவுண்டில் திரும்புகின்றன.

கேள்வி: மின்சாரம் எவ்வளவு தேவை? கேபிள்களை எப்படிக் கட்டுவது?
— வாசகர், கோவை

பதில்: குளிரூட்டும் கேமரா ஒவ்வொன்றும் உச்சத்தில் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர், மவுண்ட் வேகமாகத் திரும்பும்போது 4 வரை, ஹீட்டர் இரண்டுக்கும் சேர்த்து 2, சிறு கணினிக்கு 2. உச்சம் 14 ஆம்பியர். எப்போதும் இவ்வளவு இழுக்காது, ஆனால் வயரும் ஃபியூஸும் உச்சத்தைத் தாங்க வேண்டும். மெல்லிய நீள வயரில் வோல்ட் இறங்கினால் முதலில் மவுண்ட்தான் தடுமாறும். அதற்குத் தனி வயர் கொடுங்கள்.

கேமராக்களின் கேபிள்களைக் குறுக்குப் பட்டையின் நடுவில் ஒரே கட்டாகச் சேர்த்து, கணினியையும் பவர் பெட்டியையும் அங்கேயே மேலே பொருத்திவிட்டால் கீழே இறங்குவது இரண்டு வயர்தான். அந்த எடையையும் சமநிலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலிலேயே ஒரு மெரிடியன் ஃப்ளிப் ஓட்டிப் பாருங்கள், கையை மின் சுவிட்ச்சில் வைத்துக்கொண்டு. லென்ஸ் மூடிகள் இரண்டும் மாட்டியிருக்கட்டும், சூரியன் மேலே இருக்கிறது.